இரகசிய வருகை: ஒரு சொல்லும் ஒரு வழக்கும்

மலாயாத் தமிழரின் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் மாரியம்மன் கோயில்களையும் தைப்பூசப் பெருவிழாவையும் கண்ட அளவில் பெரும்பாலும் அமைந்துவிடுவர். தோட்டப்புறங்களிலும் ஈயச் சுரங்கப் பட்டணங்களிலும் வாழ்ந்த கிறித்தவத் தமிழர்க்குள் எழுந்த கருத்து மோதல்கள் அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. 1884 முதல் கிந்தா மாவட்டத்தின் நிருவாகப் பட்டணமாய் விளங்கிய பத்து காஜாவையும் அதனைச் சூழ்ந்த பேராக் தோட்டங்களையும் நாடிவந்த தமிழருள் கத்தோலிக்கரும் இருந்தனர். சீர்திருத்தச் சபையாரும் இருந்தனர். சகோதரர் சபையாரும் பெந்தெகொஸ்தேயினரும் மலாயாவில் பரவிய காலத்தே ஒரு வினா கூர்மையுற்றது. கிறித்து மீண்டும் வருகையில் விசுவாசிகள் எப்போது மேலே எடுத்துக்கொள்ளப்படுவர்? உலகைத் தாக்கவிருக்கும் மகா உபத்திரவத்திற்கு முன்னரா, அதன் இடையிலா, அன்றி அதன் பின்னரா?

இவ்வினாவைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் நோக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழில் இக்கோட்பாட்டுக்கு வழங்கும் பெயரே வழக்கில் ஒரு பக்கம் சார்ந்து நிற்கிறது. ‘இரகசிய வருகை’ என்பது அப்பெயர். கிறித்து முதலில் உலகறியாமல் வந்து தம் சபையை அழைத்துச் செல்வார். ஏழாண்டு கழிந்தபின் எல்லாரும் காண ‘பகிரங்க வருகை’ நிகழும். இவ்வாறு வருகையை இரண்டாகப் பகுப்போர்தம் சொல்லே பொதுச்சொல்லாகிவிட்டது. பகுப்பை ஏற்காதவரும் அச்சொல்லைக் கொண்டே மறுப்புரைக்க வேண்டியிருக்கிறது. சொல்லைப் பிடித்தவன் வாதத்தின் பாதியைப் பிடித்தவன் ஆகிறான்.

மூலத்தில் இரகசியம் என்ற சொல் இல்லை. ஏறத்தாழ கி.பி. 50-இல் பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரமே இதற்கு அடிப்படை. அங்கே ஆரவாரம் உண்டு. தலைமைத் தூதனின் குரல் உண்டு. எக்காள முழக்கமும் உண்டு. ஊரறிய முழங்கும் எக்காளத்தை இரகசியம் எனல் எங்ஙனம் என்பது மறுப்பாளரின் பழைய கேள்வி. அதே இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லான ‘ஹார்பாட்ஸோ’ வலிந்து பற்றுதல் என்னும் பொருளது. ஓநாய் ஆட்டைக் கவர்வதற்கும் புதிய ஏற்பாட்டில் அதுவே வழங்குகிறது. தமிழ் வேதாகமம் ‘எடுத்துக்கொள்ளப்பட்டு’ என மென்மையாகப் பெயர்த்தது. கவர்தலின் வேகம் அதிலே குறைந்தது எனினும், அஞ்சியவர்க்கு ஆறுதலாக ஒலிப்பது அம்மென்மையே.

அவ்விடத்து ‘எதிர்கொண்டு’ என்னும் சொல் இன்னும் சுவையானது. எதிர்கொள்ளல் தமிழர்க்கு ஒரு நன்கறிந்த நிகழ்ச்சி. திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் வருவதறிந்த நாவுக்கரசர் ஊர்ப்புறத்தே எதிர்சென்று, சிவிகை தாங்குவாரோடு தாமும் ஒருவராய்த் தாங்கி வந்த வரலாற்றைப் பெரியபுராணம் பயின்றோர் அறிவர். எதிர்கொள்ளச் சென்றவர் வந்தவரோடு அயலூர் போய்விடுவதில்லை. அவரை அழைத்துக்கொண்டு தம் ஊருக்கே மீள்வர். கிரேக்க உரோமப் பட்டணங்களின் வழக்கும் இதுவே. பவுலை எதிர்கொள்ள வந்த உரோமைச் சகோதரர் அவரோடு உரோமாபுரிக்கே திரும்பினர். ஆகவே விசுவாசிகள் வானில் ஆண்டவரை எதிர்கொண்டு அவரோடு பூமிக்கே வருவர். வருகை ஒன்றே என்று உபத்திரவத்திற்குப் பின் என்போர் வாதிப்பர். முன்னர் என்போர், தம் தந்தையின் வீட்டில் இடம் ஆயத்தம் செய்து சீடரைத் தம்மிடம் சேர்த்துக்கொள்வதாக இயேசு உரைத்ததை எடுத்துக்காட்டி விடையிறுப்பர். சொல்வழக்கை மட்டும் நோக்கினால் முதல் வாதமே வலியது என்பது என் கருத்து.

வருகையைப் பகுத்துரைக்கும் கோட்பாடு பரவலாக வேர்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். அயர்லாந்தில் 1831 முதல் 1833 வரை நடைபெற்ற பவர்ஸ்கோர்ட் மாநாடுகளில் தீர்க்கதரிசன ஆராய்ச்சி முதன்மை பெற்றது. அங்கு முன்னின்றவருள் ஒருவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). இசுரவேலும் சபையும் வெவ்வேறு என்றும், உபத்திரவம் சபைக்கு உரியதன்று என்றும் அவர் போதித்தார். பிளிமத் சகோதரர் சபையிலேயே பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் அதனை மறுத்தார். 1848-இல் அச்சபை பிளவுற்றதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், அவ்விருவர்தம் பகைமையில் இதற்குப் பங்கில்லை எனல் இயலாது. 1909-இல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்புரை வேதாகமம் டார்பியின் பகுப்பை வேதப் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டு உலகெங்கும் கொண்டுசென்றது. உரையும் மூலமும் ஒரே ஏட்டில் அமைந்தால் கற்பவன் இரண்டையும் பிரித்தறிய மாட்டான் என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சகோதரர் சபையின் தொடர்பு தமிழகத்தை அடைந்தது அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் வழியாக. பல் மருத்துவரான அவர் பாக்தாத்திலிருந்து 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு இணைந்தவர் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). அயல்நாட்டுச் சங்கத்தின் ஊதியத்தை நாடாது கிறிஸ்தியான்பேட்டையில் தற்சார்பான சபையொன்றை அருளப்பன் வளர்த்தார். 1860-இல் அங்கு எழுந்த எழுப்புதலில் பாவ அறிக்கையும் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் பெருகின. மிஷனரிமார் பலர் அதனை ஐயத்தோடு நோக்கினர். தமிழன் தானே வேதத்தை விரித்துப் பொருள்கூறவும் சபை நடத்தவும் இயலுமா என்னும் கேள்வி அவ்வையத்தின் அடியில் கிடந்தது.

எழுப்புதலின் அலை திருவிதாங்கூரை எட்டியது. அங்கே யுஸ்தூஸ் யோசேப்பு என்பார், மலையாள நாட்டில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமையன் எனப் பிறந்து 1861-இல் கிறித்தவரானவர், 1875-இல் பெரியதொரு மறுமலர்ச்சிக்குத் தலைமை பூண்டார். ஆறாண்டில், அதாவது 1881-இல், கிறித்து வருவார் என்று அவர் கூட்டம் அறிவித்தது. அவ்வாண்டும் வந்தது, போயிற்று. கூட்டத்தார் கலைந்துவிடவில்லை. ‘யுயோமயம்’ என்னும் பெயரோடு, வருகைக்கு ஆவிக்குரிய பொருள் கற்பித்து நிலைத்தனர். இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் தமக்கெனச் சபையையும் பாடல்களையும் படைத்துக்கொண்ட உள்ளூரார் ஒரு நாளைத் துணிந்து கணித்ததற்கும், பொருள்கூறும் உரிமை தமக்கும் உண்டு என்ற உறுதிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இவ்விடத்தே வியப்பான ஒரு தொடர்பைச் சுட்டல் வேண்டும். அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939-இல் ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டவர் ஜி. எச். லாங் என்பார். சகோதரர் சபையினரேயாயினும் அவர் டார்பியின் வழியினர் அல்லர். விசுவாசிகள் அனைவரும் ஒருசேர எடுக்கப்படுவதில்லை. விழித்திருப்போரே முதலில் எடுக்கப்படுவர் என்பது அவர் கொள்கை. 1920-களில் இலங்கையில் தோன்றிப் பின்னர் மலாயாவிலும் கால்கொண்ட சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெண்ணுடை, மணமாகா ஊழியம், மருந்து தவிர்த்தல் ஆகியவற்றை ஊழியர்க்கு விதித்து வருகைக்கு ஆயத்தப்படுதலை வற்புறுத்தியது. காலம் பற்றிய வினா இங்கே தகுதி பற்றிய வினாவாகிவிடுகிறது. எப்போது என்று கேட்டவன், நானும் போவேனா என்று நடுங்கலானான்.

பழைய சபைகள் இவ்வழக்கிற்கு வெளியே நின்றன. உயிர்த்தெழுதலுக்கு முன்னரே நல்லோர் உலகாளும் காலம் ஒன்று உண்டென்பதை 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை மறுத்தது. லுத்தரன் தமிழர் அதன் வழியினர். கிறித்து புலப்படத் தோன்றி உலகை ஆள்வார் என்னும் கொள்கையைப் பாதுகாப்பாகப் போதித்தல் இயலாது என 1944-இல் உரோமை அறிவித்தது. கத்தோலிக்க இல்லத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே கூட்டத்திற்குச் செல்லத் தொடங்கும் இளைஞன், தன் பாட்டி கேட்டேயிராத ஒரு கால அட்டவணையைச் சுமந்து வீடு திரும்பலாம்.

அட்டவணைகளின் நடுவே தெசலோனிக்கேயர் கேட்ட கேள்வி மறைந்துவிடலாகாது. வருகை எந்நாள் என்று அறியும் ஆவல் மட்டும் அவர்க்கு இருக்கவில்லை. தம்மிடை இறந்தோர் வருகையைக் காணாது ஒழிவரோ என்று கலங்கினர். இறந்தோரே முதலில் எழுவர், உயிரோடிருப்போர் அவரை முந்தார் என்பது பவுலின் விடை. முன்னர் என்போரும் பின்னர் என்போரும் இதில் வேறுபடுவதில்லை. பத்து காஜாவில் ஆங்கிலிக்கக் கோயிலை அடுத்த பழைய கல்லறைத் தோட்டத்தில், 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் மாண்ட தோட்டத் துரைமார்க்கும் படைவீரர்க்கும் பெயர் பொறித்த கற்கள் உண்டு. 1942, 1943 ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர்; திரும்பாதோருள் பெரும்பாலார்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அப்பாதையிலிருந்து மீண்ட கிறித்தவன் ஒருவனிடம் உபத்திரவம் விசுவாசிக்கு இல்லை என்று போதகர் உரைத்தால், அவன் முதலில் கேட்பது காலக்கணக்காய் இராது. காட்டில் விட்டுவந்த தன் தம்பியின் பெயராய் இருக்கும்.