ரிக்கார்டு நோட்டு

ஐஸக் டாட்ஹன்டர் என்ற பெயரைச் சொன்னால் இன்று அநேகமாக யாருக்கும் தெரியாது. நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் இந்தியப் பள்ளிக்கூடங்களில் அல்ஜீப்ராவும் யூக்ளிடும் படித்தவர்களில் பலர் அவருடைய புத்தகங்களைக் கொண்டுதான் படித்தார்கள். கேம்பிரிட்ஜ்காரர், கணிதத்தில் மகா கெட்டிக்காரர். 1873-ல் வெளியிட்ட ஒரு நூலில் அவர் பௌதிக சோதனைகளைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆசிரியர் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அவர் நிறையப் படித்தவர், பெரும்பாலும் பாதிரியார், நடத்தையில் மாசு மறு இல்லாதவர். அப்பேர்ப்பட்டவருடைய வார்த்தை போதாது, கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்று ஒரு பையன் அடம் பிடித்தால் அந்தச் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்பது அவர் கட்சி.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் அன்றைக்கு அது கிறுக்குப் பேச்சு இல்லை. பௌதிகம் என்றால் பேராசிரியர் மேஜைக்குப் பின்னால் நின்று வித்தை காட்டுவார். மாணாக்கர்கள் படிப்படியாக உயர்ந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கருவியைத் தொடும் உரிமை அவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் மட்டும்தான். அதே கேம்பிரிட்ஜில் மாக்ஸ்வெல் புதிதாகக் கட்டிய காவெண்டிஷ் சோதனைச்சாலை 1874-ல் திறந்தது. ஒளியில் ஓர் அபூர்வமான விளைவைக் கருவியில் அமைத்துவிட்டு, அந்த வழியாகப் போன டாட்ஹன்டரை அவர், 'வந்து பாருங்களேன்' என்று கூப்பிட்டாராம். 'வேண்டாம், ஆயுள் முழுவதும் இதைப் பாடம் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது பார்த்து மனத்தைக் குழப்பிக்கொள்ள விரும்பவில்லை' என்று அவர் நடையைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, மனிதர் அப்படிச் சொல்லக் கூடியவர்தான்.

கல்லூரி மாணவன் தன் கையால் அளந்து பார்க்கும் பாடம் எங்கிருந்து வந்தது, அதற்கு மார்க்குப் போடத் தொடங்கியபின் அது என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் 1846-ல் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் பேராசிரியரானார். வில்லியம் தாம்ஸன் என்று பெயர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர். அவருக்குச் சோதனைகள் செய்ய ஓர் அறை வேண்டியிருந்தது. கிடைத்தது, பழைய ஒயின் பாட்டில்கள் வைத்திருந்த நிலவறை. உலோகங்களில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று ஏராளமான அளவுகள் அவருக்குத் தேவைப்பட்டன. தனியாளாக முடியாது. எனவே மாணாக்கர்களைக் கூப்பிட்டார், வந்தார்கள். வந்தவர்களில் பெரும் பகுதி அடுத்த வருஷம் வேதாகமப் படிப்புக்குப் போய்ப் பாதிரிகளாகப் போகிறவர்கள் என்று அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்! அவர்களுக்கு மார்க்கு இல்லை, சர்டிபிகேட் இல்லை, கட்டாயமும் இல்லை.

அந்த நிலவறையில் இன்னொன்றும் இல்லை. சரியான விடை என்பது அங்கே யாரிடமும் இல்லை. தாம்ஸனுக்கே தெரியாது, தெரிந்திருந்தால் பையன்களை எதற்காகக் கூப்பிடுகிறார்? கம்பியின் ஒரு முனையை ஒருவன் பிடித்துக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்று இன்னொருவன் சொன்னால், அதுதான் விடை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தால்கூட என்ன பொய் சொல்வது என்று தெரியாது.

இந்த வசதி வெகு காலம் நீடிக்கவில்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால், பாஸ்டன் நகரில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் புதிதாகத் தொடங்கியிருந்தது. அங்கே எட்வர்ட் பிக்கரிங் என்ற மற்றோர் இளைஞர். வானநூல் அறிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பிற்பாடு ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகி, பெண்களை வேலைக்கு அமர்த்தி நட்சத்திரங்களை வகைப்படுத்தியவர். அவருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். 1869 வாக்கில் அவர் ஏற்படுத்திய முறையை 1873-ல் வெளிவந்த தம் புத்தகத்தின் முன்னுரையில் விளக்கியிருக்கிறார்.

அறையில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சோதனை. அதற்கு வேண்டிய கருவிகள் அங்கேயே இருக்கும், இடம் பெயராது. சுவரில் ஒரு பலகை. அதில் ஒரு பக்கம் சோதனைகளின் பெயரெழுதிய அட்டைகள், எதிரே மாணாக்கர்களின் பெயரெழுதிய அட்டைகள். உள்ளே வருகிறவன் நேரே பலகைக்குப் போய், தன் பெயருக்கு எதிரே இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த மேஜைக்குப் போக வேண்டியது. புத்தகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது. முடிந்ததும் ஆசிரியரிடம் காட்ட வேண்டியது. அவர் கட்டம் போட்ட காகிதமோ, பூர்த்தி செய்ய வேண்டிய படிவமோ கொடுப்பார். பிறகு அவன் பெயர் அட்டை காலியான இன்னொரு மேஜைக்கு நகரும். இப்படி நடத்தினால் ஒரே ஆசிரியர் ஏறக்குறைய இருபது பேரை ஒரே சமயத்தில் மேய்த்துவிடலாம் என்கிறார் பிக்கரிங்.

நம்மூர்க் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவர்கள் இந்த வர்ணனையைப் படித்ததும், 'அட, இது நம்ம லாப் அல்லவா!' என்பார்கள். நூற்றைம்பது வருஷம் ஆகியும் பெஞ்சு மாறவில்லை; ஸ்டூல் மாறவில்லை. பிக்கரிங்கின் ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது கருவிகளில் இருபது ஜோடி வாங்க எந்தக் கல்லூரிக்குச் சக்தி உண்டு? ஆனாலும், தாம்ஸனின் நிலவறைக்கும் இதற்கும் நடுவே ஒன்று மாறிவிட்டது. மேஜை நகராமல் நின்றதும் அதன் விடையும் நகராமல் நின்றுவிட்டது. போன வாரம் ஒருவன் செய்ததையே இந்த வாரம் இன்னொருவன் செய்கிறான். எவ்வளவு வர வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

மார்க்கு முழுமூச்சாக உள்ளே நுழைந்தது 1886-ல் என்று சொல்லலாம். ஹார்வர்டில் சேர விரும்பும் பள்ளி மாணவர்களுக்குப் பௌதிகத்தில் ஒரு புது வழி திறந்தார்கள். அந்த வழியாக வருகிறவன் நாற்பது சோதனைகளைத் தன் கையால் செய்திருக்க வேண்டும். செய்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஆசிரியரின் அத்தாட்சியோடு கொண்டுவர வேண்டும். வந்தபின் அங்கேயும் செய்து காட்ட வேண்டும். நாற்பது சோதனைகளின் பட்டியலைத் தயாரித்தவர் எட்வின் ஹால். 1879-ல், காந்தத்தின் நடுவே வைத்த தங்கத் தகட்டில் மின்சாரம் பக்கவாட்டில் விலகுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்; அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர். யாரும் காணாததைக் கண்ட மனிதர், எல்லோரும் காண வேண்டிய நாற்பதைப் பட்டியல் போட்டார். அவருடைய நோக்கத்தில் பழுது இல்லை. புத்தகத்தை உருப்போட்டு வருகிறவனைத் தடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ரிக்கார்டு நோட்டு என்ற அமைப்பைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வலது பக்கம் கோடு போட்டது. அதில் மையால் நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை. இடது பக்கம் கோடில்லாதது. அதில் பென்ஸிலால் படமும் அட்டவணையும். முதல் பக்கத்தில், இன்னார் இன்ன வருஷத்தில் தாமே செய்த சோதனைகள் இவை என்று துறைத் தலைவர் கையெழுத்து. பரீட்சை தினத்தன்று சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த சோதனையைச் செய்ய வேண்டும். வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் பரீட்சகராக வருவார். சூத்திரத்துக்கு இவ்வளவு, அளவுகளுக்கு இவ்வளவு, கணக்குக்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு, ரிக்கார்டுக்கு இவ்வளவு, வாய்மொழிக் கேள்விக்கு இவ்வளவு என்று மார்க்கைப் பங்கு போட்டிருப்பார்கள். பங்கு கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும், பாகுபாடு மாறாது.

நான் படித்த கல்லூரியில் ஒரு வயதான அட்டெண்டர் இருந்தார். மாணவர்கள் அவரை, 'அண்ணே, இந்தக் கம்பிக்கு எவ்வளவு வரும்?' என்று கேட்பார்கள். 'அந்த மூணாம் நம்பர் கம்பியா தம்பி?' என்று கேட்டுவிட்டு, இரண்டு தசம ஸ்தானம் வரைக்கும் சொல்லிவிடுவார். மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுவதும், விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவுகளைத் தயாரிப்பதற்கு. 'சமைப்பது' என்று அதற்குப் பெயர். சமையலிலும் நுட்பம் உண்டு. எல்லா அளவும் ஒன்றுபோல் இருந்தால் பரீட்சகர் சந்தேகப்படுவார்; எனவே ஒன்றிரண்டில் கொஞ்சம் உப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அட்டெண்டர் லீவு போட்டால் கிளார்க் டேபிள் இருக்கவே இருக்கிறது. லாகரிதம் பார்க்க வாங்கிய அந்தப் புத்தகத்திலேயே செம்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று அச்சடித்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தனி ஊசலைக் கொண்டு பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது எல்லோரும் செய்கிற சோதனை. நூலில் கட்டிய குண்டு, விநாடி காட்டும் கடிகாரம், ஒரு மீட்டர் கோல், அவ்வளவுதான். புத்தகங்களில் பொதுவாக 980 அல்லது 981 செ.மீ. என்று போட்டிருக்கும். 981 என்பது லண்டன் பக்கத்து அளவு. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். சென்னையில் அது சுமார் 978.3 தான். ஆகவே, நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை ஒழுங்காக அளந்து, பொறுமையாக ஐம்பது ஊசலாட்டம் எண்ணுகிற ஒரு சென்னைப் பையனுக்கு 978 வந்தால் அவன் சரியாகச் செய்திருக்கிறான். அவன் அதை அழித்துவிட்டு 981 என்று எழுதுகிறான். பூமி காலடியில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்கிறது. லண்டன் புத்தகம் வேறொன்றைச் சொல்கிறது. மார்க்கு புத்தகத்தின் பக்கம். டாட்ஹன்டர் இதைப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

மார்க்கு பெரிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. ஜூரிச் பாலிடெக்னிக்கில் ழான் பெர்னே என்ற பேராசிரியர் ஆரம்ப நிலை மாணவர்களுக்குச் சோதனை வகுப்பு நடத்தினார். அங்கே ஆறு என்பது மிக உயர்ந்த மார்க்கு, ஒன்று மிகத் தாழ்ந்தது. ஒரு மாணவனுக்கு அவர் போட்டது ஒன்று. 1899 மார்ச் மாதத்தில், சோதனை வகுப்பில் சிரத்தை இல்லை என்று அதே மாணவனுக்கு டைரக்டரின் கண்டிப்பும் கிடைத்தது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்பது அவன் பெயர். செய்முறைச் சீட்டைக் கூடையில் போட்டுவிட்டுத் தன் போக்கில் செய்வானாம். பெர்னேயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வகுப்புக்கு ஒழுங்காக வராதவனுக்கு அவர் வேறென்ன போடுவார்? அவனிடம் சரக்கு இருக்கிறது என்று காட்டக் கூடிய இடம் அந்த மார்க்குப் பட்டியலில் எங்குமே இல்லை, அதுதான் சங்கடம்.

சென்னையில் நடந்தது இன்னும் ரசமானது. பிரஸிடென்ஸி கல்லூரியில் 1900-களின் தொடக்கத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், கல்லூரியின் நிறமாலைமானியில் முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளந்தான். தலைமுறை தலைமுறையாக எல்லா மாணவர்களும் செய்கிற சோதனைதான். கண்ணாடி முகத்தில் ஒளி வெகு சாய்வாகப் பட்டபோது, பிம்பத்தின் இரு பக்கமும் மங்கிய கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கத்துக் கோடுகளின் அகலம் மறுபக்கத்தோடு ஒத்துப் போகவில்லை. கோணத்தைக் கேட்டால் கோணத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். கோடுகளுக்கு மார்க்கு கிடையாது. பையன் கோடுகளையே பிடித்துக்கொண்டான். அவனை அவன் இஷ்டப்படி விட்ட ஜோன்ஸ் என்ற பேராசிரியருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 1906 நவம்பரில் லண்டன் 'பிலஸாபிகல் மாகஸின்' பத்திரிகையில் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பெயர் சி.வி. ராமன், வயது பதினெட்டு. பரிசும் 1930-ம் பின்னால் வந்தவை.

ராமன்களுக்காகப் பாடத்திட்டம் போட முடியாது என்று சொல்வார்கள். சரி, மற்ற பையன்களைப் பார்ப்போம். சோதனை வகுப்பினால் பாடம் நன்றாக விளங்குகிறது என்பதுதானே வாதம்? நடாஷா ஹோம்ஸ், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் ஆகிய இருவரும், பாடத்துக்குத் துணையாக நடத்தும் சோதனை வகுப்பை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு 2018-ல் எழுதினார்கள். எழுத்துப் பரீட்சையில் இரு சாராருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

அதற்கு முன்பே அவர்கள், கனடாவில் வான்கூவர் நகரத்துச் சர்வகலாசாலையில் முதலாண்டு மாணவர்களிடம் அதே பழைய ஊசலைக் கொடுத்திருந்தார்கள். ஈர்ப்பைக் கண்டுபிடி என்று கேட்கவில்லை. பத்து டிகிரி விலக்கி விட்டாலும் இருபது டிகிரி விலக்கி விட்டாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஒன்றுதானா என்று கேட்டார்கள். ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள். அளந்தார்கள், ஒன்றுதான் என்று வந்தது. இன்னும் நுட்பமாக அளக்க வழி தேடுங்கள், மறுபடி செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். புத்தகத்தோடு ஒத்துப்போவதற்கு அங்கே மார்க்கு இல்லை. முறையைத் திருத்துவதற்கும், வந்ததை விளக்குவதற்கும்தான்.

ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி. இருபது டிகிரியில் விட்டால், பத்து டிகிரியைவிட, விநாடியில் நூறில் ஒரு பங்கு அதிகமாகிறது. ஓர் ஆட்டத்தில் அது கண்ணுக்கும் கைக்கும் அகப்படாது. ஐம்பது ஆட்டம் எண்ணினால் சுமார் அரை விநாடி. அரை விநாடியைச் சாதாரணக் கடிகாரமே காட்டிக் கொடுத்துவிடும். கனடாப் பையன்கள் முதலில் தங்கள் கையைச் சந்தேகித்தார்கள், குண்டைச் சரியாக விடவில்லையோ என்று மறுபடி விட்டார்கள், மறுபடி எண்ணினார்கள். அரை விநாடி போகவில்லை.