பசுவின் மடியில் மறைந்திருக்கும் நோய்: 20 விநாடியில் காட்டிக்கொடுத்த ஷால்ம்

கறவை மாடு வளர்ப்போருக்கு அதிக இழப்பைத் தரும் நோய்களில் ஒன்று மடிவீக்க நோய். காம்புத் துளை வழியாக மடிக்குள் நுழையும் கிருமிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். மடி வீங்கிச் சிவந்து, பால் திரிதிரியாக வந்தால் நோயை யாரும் கண்டுகொள்ளலாம். ஆனால் பல மாடுகளில் இந்நோய் வெளியே தெரிவதில்லை. மடி வழக்கம்போல் இருக்கும், பாலும் வெள்ளையாகவே இருக்கும். மாடு கறக்கும் அளவு மட்டும் மெல்லக் குறையும். அதனிடமிருந்து மற்ற மாடுகளுக்கும் கிருமி பரவும்.

கண்ணுக்குத் தெரியாத இந்நோயைத் தொழுவத்திலேயே கண்டறிய வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்கர் ஷால்ம். அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். விலங்குகளின் ரத்தத்தை ஆராய்ந்து 1961ல் அவர் வெளியிட்ட நூல், இன்றும் அவர் பெயரைத் தாங்கிப் புதிய பதிப்புகளாக வருகிறது.

ரத்த அணுக்களைப் பற்றிய அந்த அறிவு மடிநோய் ஆய்வுக்கும் கைகொடுத்தது. மடிக்குள் கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் ரத்தத்திலிருந்து பாலுக்குள் திரண்டு வருகின்றன. ஆரோக்கியமான மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பொதுவாக 200,000க்கும் குறைவான அணுக்களே இருக்கும். தொற்று கடுமையானால் அது பல மில்லியனைத் தொடும். அணுக்களை எண்ணினால் நோய் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டன.

ஷால்மும் அவருடன் பணியாற்றிய நூர்லாண்டரும் 1957ல் இதற்கு எளிய மாற்றைக் கண்டனர். அதுவே கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை.

சோதனை எப்படி நடக்கிறது?

பசுவின் மடி நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காம்பு உண்டு. அதேபோல் சோதனைத் தட்டிலும் நான்கு குழிகள் இருக்கும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் சிறிதளவு பாலை ஒரு குழியில் பீய்ச்சி, அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்ற வேண்டும்.

கரைசலில் இருப்பது சோப்புத்தூளைப் போன்ற ஒரு சலவைப் பொருள். அது வெள்ளை அணுக்களின் உறையை உடைக்கிறது. உள்ளிருக்கும் மரபணுப் பொருள் வெளியேறிப் பாலைக் கூழாக்குகிறது. அணுக்கள் அதிகமானால் கூழும் கெட்டியாகும். நல்ல பால் தண்ணீர்போல் ஓடும். கரைசலில் ஊதா நிறச் சாயமும் உண்டு. நோயுற்ற பாலில் காரத்தன்மை கூடுவதால் அந்நிறம் அடர்த்தியாகும். லேசான கூழ் சற்று நேரத்தில் கரைந்துவிடும் என்பதால் 20 விநாடிக்குள் முடிவைப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு காம்புகளில் எதில் நோய் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கிருமி என்பதை இச்சோதனை சொல்லாது. அதற்குப் பாலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கன்று ஈன்ற முதல் சில நாள்களின் சீம்பாலிலும், கறவை வற்றும் காலத்துப் பாலிலும் அணுக்கள் இயல்பாகவே கூடுவதால், அப்போது முடிவைக் கவனமாக எடுக்க வேண்டும்.

காய்ச்சினால் சரியாகிவிடுமா?

காய்ச்சும்போது பெரும்பாலான கிருமிகள் அழியும். ஆனால் இழந்த தரம் திரும்பாது. மடிநோய்ப் பாலில் கேசின் என்னும் புரதமும் பால் சர்க்கரையும் குறைகின்றன, உப்பு கூடுகிறது. கேசினைச் சிதைக்கும் சில நொதிகள் சூட்டையும் தாங்கி நிற்கின்றன. அதனால் பால் விரைவில் சுவை கெடுகிறது, பாலாடைக்கட்டியும் குறைவாகவே கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டர் பாலில் இருக்கக்கூடிய அணுக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 400,000 என்றும் அமெரிக்கா 750,000 என்றும் வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

மருந்திலும் கவனம் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்கள்வரை விற்கக்கூடாது. தேவையற்ற மருந்து பணத்தை வீணாக்குவதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழிவிடும்.

வருமுன் காப்பதே இந்நோய்க்கு மேலான வழி. இங்கிலாந்தில் டாட், நீவ் முதலான ஆய்வாளர்கள் 1960களில் வகுத்த ஐந்து அம்சத் திட்டம் அதைத்தான் வலியுறுத்தியது. கறந்ததும் காம்புகளைக் கிருமிநாசினியில் நனைப்பது, கறவை இயந்திரத்தைச் சீராக வைத்திருப்பது, நோய் கண்ட மாட்டுக்கு உடனே சிகிச்சை அளிப்பது, கறவை நிற்கும்போது மடிக்கு மருந்திடுவது, தீராத நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்குவது ஆகியவையே அந்த ஐந்து.

இன்று அணுக்களை எண்ண மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் நான்கு குழித் தட்டு வழக்கொழியவில்லை. இரண்டு மாடுகள் மட்டுமே வைத்திருப்பவரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய மலிவான சோதனை அது.