லாக்ஸ்டனின் வயல்கள் எஞ்சியது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் சிறிய பாரிஷ். அங்கே பார்க்கத்தக்கவை என்று முதலில் சுட்டப்படுபவை இரண்டு. ஒன்று, ஷெர்வுட் காட்டின் காவல் பொறுப்பை வகித்த குடும்பம் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மண்மேட்டுக் கோட்டை. இன்று புல் மூடிய குன்றாக நிற்கிறது. மற்றொன்று தூய மிக்கேல் ஆலயம். பின்னாளில் ஊரின் உடைமையாளர்களான எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்களுக்கிடையே மரத்தில் செதுக்கிய அரிய பெண் உருவமும் அதில் உண்டு. ஆனால் ஊரின் முதன்மைச் சின்னம் இவ்விரண்டுமல்ல, அதன் வயல்கள்தான்.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் எனும் மூன்று பெருவயல்களுக்குள் வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவரின் நிலமும் நீண்ட கீற்றுகளாக மூன்றிலும் சிதறிக் கிடக்கிறது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் இது சுழலும். நிலம் சிதறியிருப்பதால் பண்ணை வீடுகளும் தொழுவங்களும் வயலுக்குப் போகாமல் ஊர்த்தெருவிலேயே நெருங்கி நிற்கின்றன.

இதை இடைக்காலம் உறைந்து நின்ற காட்சியாகக் கொள்வது எளிது. லாக்ஸ்டனை ஆராய்ந்து 1938இல் வெளிவந்த ஆர்வின் தம்பதியரின் ‘திறந்த வயல்கள்’ நூலுக்குப் பின் அந்தப் படிமம் மேலும் வலுத்தது. சான்றுகளோ வேறு கதை சொல்கின்றன. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படம் இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதில் தெரியும் ஆயிரக்கணக்கான கீற்றுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. பாரிஷின் பெரும்பகுதி படிப்படியாக வேலியடைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சிய கீற்றுகளையும் நிலவுடைமையாளரான மான்வர்ஸ் பிரபு ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினார்.

1604க்கும் 1914க்கும் இடையில் 5,000க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைத் தனித்தனி உடைமைகளாக வேலிக்குள் அடைத்தன. லாக்ஸ்டனின் எஞ்சிய வயல்கள் அதிலிருந்து தப்பியதற்கு ஊராரின் பழமைப்பற்றைக் காரணமாகச் சொல்வது போதாது. நிலம் பலர் கையில் பிரிந்திருந்ததால் உடன்பாடு எட்டுவது கடினமாயிற்று; பின்னாளில் செலவுக்கேற்ற ஆதாயமும் இல்லை. எஞ்சியதைப் பேணும் எண்ணம் அதற்குப் பிறகே வந்தது. 1952இல் வேளாண் அமைச்சகமும் 1981இல் அரசுடைமை நிர்வாகமும் நிலத்தை ஏற்றன. 2020இல் அது மீண்டும் மான்வர்ஸ் குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குச் சென்றது.

நிலவுடைமையாளர் மாறினாலும் அன்றாட ஒழுங்கைக் காத்தது ஊர் மன்றம். நவம்பர் இறுதியில் மன்றத்தின் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவர். கீற்று எங்கே முடிந்து பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து முளையடிப்பர். பாதையிலோ ஓடைக்கரைப் புல்வெளியிலோ ஏர் ஏறியிருந்தால் குறித்துக்கொள்வர். ஒரு வாரம் கழித்து டவ்கோட் விடுதியில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தபோது விலக்குப் பெற்றது லாக்ஸ்டன் மன்றம் மட்டுமே. வேலியில்லாத வயலில் அடுத்தவர் எல்லையைக் காக்கும் வேலை அப்போதும் அதன் கையில்தான் இருந்தது.