ஓய்வு நாளின் வரலாறு: சப்பிரகமுவத் தோட்டங்களில் திருநாளும் பயணமும்

ஒரு சமுதாயத்தின் உழைப்பை அளப்பதற்குக் கணக்கேடுகள் உண்டு. எத்தனை ஏக்கரில் பயிரிடப்பட்டது, எத்தனை இறாத்தல் தேயிலை கப்பலேறியது, என்ன விலைக்கு விற்றது என்பனவெல்லாம் ஆண்டுதோறும் எழுதிவைக்கப்பட்டன. அச்சமுதாயம் எப்பொழுது ஓய்ந்திருந்தது, ஓய்ந்த நாளில் எங்கே சென்றது, யாரோடு கூடி உண்டது என்பதற்கு அத்தகைய ஏடுகள் இல்லை. இலங்கைத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆயினும், ஒரு குடும்பம் தனக்கென ஒரு நாளைப் பெற்ற கதையும் வரலாறேயாகும். சப்பிரகமுவத் தோட்டங்களில் அக்கதை நீண்டது, எளிதில் முடிந்ததுமன்று.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் 1889ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பலாங்கொடை, இறக்குவானை முதலிய மேட்டுப் பகுதிகளில் தேயிலையும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, உருவன்வெல்லை, எகலியகொடை முதலிய தாழ்ந்த பகுதிகளில் இறப்பரும் மிகுதியாகப் பயிரிடப்பட்டன. நுவரெலியாவிலே மலைக்கு மலை தோட்டங்களே தொடர்ந்து கிடக்கும். சப்பிரகமுவத்திலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் இறப்பர்க் காடு. மறு பக்கம் வயல். நடுவே ஒரு கடைவீதி. இந்த அமைப்பு அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் திருநாட்களையும் பயணங்களையும் தனக்கேற்றவாறு உருவாக்கியது.

கோப்பிக் காலத்தில் ஓய்வு என்பது ஒரு பருவமாக இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர் கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் உழைத்துவிட்டு, அறுவடைக் காலத்துக்குத் தத்தம் ஊர் திரும்பினர். பெரும்பாலும் ஆடவரே வந்தனர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். வழிநடையில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். எனினும், உயிரோடு திரும்பியவர்க்குக் குடும்பத்தோடு கழிக்கும் சில மாதங்கள் ஆண்டுதோறும் கிடைத்தன.

1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் வந்த தேயிலைக்குப் பருவமென்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இறப்பரும் மழையற்ற காலைதோறும் பால் வெட்டக் கைகளை வேண்டி நின்றது. ஆகவே குடும்பத்தோடு குடியேறிய தொழிலாளர் தோட்டங்களுக்குத் தேவைப்பட்டனர். கணவனும் மனைவியும் மக்களும் ஒரே லயக் காம்பராவில் வாழத் தொடங்கினர். பிரிந்திருந்த குடும்பம் ஒன்றுசேர்ந்தது. ஆனால் ஒன்றாக இருப்பதற்குரிய நேரம் பறிபோயிற்று. இதுவே தோட்ட வாழ்வின் பெரும் முரண்.

விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். ஆடவர் கவ்வாத்துக்கோ முள்ளுக் குத்தவோ ஒரு மலைக்குச் செல்வர். பெண்கள் கொழுந்துக் கூடையோடு மற்றொரு மலைக்குச் செல்வர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் விடப்படுவர். அந்தி சாய்ந்த பின்னரே குடும்பம் கூடும். மாலையில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் பதிந்தாலன்றி அன்றைய கூலி இல்லை. அதனாலேயே ஒரு நாட்கூலிக்குப் ‘பேர்’ என்னும் சொல் வழங்கலாயிற்று. குறித்த இறாத்தல் எடுக்காதவர்க்கு ‘அரைப்பேர்’. வேலைக்குச் செல்லாதவர்க்குப் பேரே இல்லை. ஓய்வு நாளென்பது பேரில்லாத நாள். அதாவது, கூலியில்லாத நாள். ஒரு நாள் குடும்பத்தோடு இருப்பதற்கு ஒரு நாள் உணவை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

கூலியை இழக்கத் துணிந்தாலும் தோட்டத்தை விட்டு வெளியே செல்வது எளிதாக இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், அனுமதியின்றி வேலையைவிட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இதனோடு ‘துண்டு’ முறையும் சேர்ந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் சேர இயலாது. அயல் தோட்டத்துத் தங்கையைக் காணச் சென்றவரையும் ஓடிப்போனவராகக் கருதக்கூடிய நிலை அது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இக்கொடுமைகளுக்கெதிராகக் குரலெழுப்பினர். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தண்டனை விதிகளும் அக்காலத்தை ஒட்டி நீங்கின. 1927ஆம் ஆண்டின் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. 1941ஆம் ஆண்டின் ஊதியச் சபைகள் கட்டளைச் சட்டமோ, கூலியை நிருணயிப்பதோடு வாராந்த ஓய்வையும் கூலியோடு கூடிய வருடாந்த விடுமுறையையும் விதிப்பதற்கு இடமளித்தது. 1940ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்களில் வேரூன்றிய தொழிற்சங்கங்கள் அதனை நடைமுறைப்படுத்துமாறு வற்புறுத்தின. கங்காணியின் தயவில் கிடைத்த ஓய்வு இவ்வாறு சட்டத்தின் உரிமையாயிற்று.

உரிமை வந்த பின்னும் வறுமை குறுக்கே நின்றது. கொழுந்து மிகும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ‘கைக்காசு’க்கு ஆள் வேண்டப்படும். அன்று பறித்த இறாத்தலுக்கு அன்றே காசு. அரிசிக்கும் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கும் வழி தேடும் தாய், ஓய்வை விட்டுக் கூடையைத் தூக்கினாள். ஆகையால், எவரும் வேலைக்குச் செல்லாத திருநாட்களே உண்மையான குடும்ப நாட்களாக விளங்கின.

அவற்றுள் தலையாயது தீபாவளி. ஐப்பசியில் வரும் அத்திருநாள் சப்பிரகமுவத்தில் மழையோடு வருவது. பிற்பகல் இடியும் மின்னலும் இல்லாத ஐப்பசி அங்கு அரிது. தோட்டம் வழங்கும் பண்டிகை முற்பணத்தைப் பெற்றுக் குடும்பத்தினர் கடைவீதிக்கு இறங்குவர். பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு முறை புதிய துணி கிடைப்பது அப்பொழுதுதான். விடியலில் எண்ணெய் முழுக்கு; பின்னர்ப் பங்கு போட்டு வாங்கிய ஆட்டிறைச்சி; அதன்பின் லயந்தோறும் உறவினர் வருகை. ஒரு தோட்டத்துப் பெண்ணை மற்றொரு தோட்டத்தில் மணம் முடித்துக் கொடுப்பது வழக்கமாதலின், தலைத்தீபாவளிக்கு மகளும் மருமகனும் தாய்வீடு வருதலே ஒரு பெரும் பயணமாயிற்று. எட்டியாந்தோட்டையிலிருந்து பலாங்கொடைக்கு வரும் மகளை ஆண்டில் அந்த ஒரு முறையே தாய் கண்டிருக்கக்கூடும். அடுத்த மாதங்களில் முற்பணம் தவணை தவணையாகக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதக் கடன் ஏன் என்று வெளியார் வினவினர். தாயையும் மகளையும் ஒரே இலையில் உண்ணவைத்த நாளுக்கு அவர்கள் கொடுத்த விலை அது என்பதை அவ்வினா உணரவில்லை.

பயணத்துக்குப் புகைவண்டியும் துணையாயிற்று. இரண்டரை அடி அகலமுள்ள களனிவெளிப் பாதை 1902ஆம் ஆண்டில் அவிசாவளையையும், அடுத்த ஆண்டில் எட்டியாந்தோட்டையையும் எட்டியது. ஒரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஒபநாயக்கவுக்கும் சென்றது. தேயிலைப் பெட்டிகளையும் இறப்பரையும் ஏற்றுவதற்காக இடப்பட்ட அப்பாதையில் மக்களும் ஏறினர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியதும், சப்பிரகமுவத்தில் ஏறியவர் கொழும்பு வழியாகத் தமிழகத்துப் பிறந்த ஊரை அடைய முடிந்தது. குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், பிள்ளைக்கு முடியிறக்கவும், முதியோரைக் காணவும் பலர் சென்று மீண்டனர். 1939ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடைசெய்தபோது, சென்றவர் மீள்வது ஐயத்துக்குரியதாயிற்று. 1948க்குப் பின்னரோ கடவுச்சீட்டும் விசாவும் கடலினும் பெரிய தடைகளாயின.

ஊர்ப் பயணம் அருகிய நிலையில், உள்ளூர் மலையொன்று அவர்களை அழைத்துக்கொண்டே இருந்தது. அது சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையின் மேற்குச் சாரல்கள் சப்பிரகமுவத்துக்குரியவை. அட்டன் வழி எளிது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக ஏறும் பாதை நெடியது, பழையது. 1344ஆம் ஆண்டில் அங்கு வந்த அராபியப் பயணி இபின் பதூதா மலையேறும் இரு வழிகளையும், செங்குத்தான பாறையில் பிடித்தேறுவதற்குக் கோத்திருந்த இரும்புச் சங்கிலிகளையும் குறித்துள்ளார். பௌத்தர்க்குப் புத்தரின் திருவடி. சைவர்க்குச் சிவனின் திருவடி. முஸ்லிம்களுக்கு ஆதமின் காலடி. கிறித்தவர் சிலருக்குப் புனித தோமையாரின் சுவடு. ஒரே சுவட்டை நான்கு சமயத்தார் வணங்கும் இடங்கள் உலகில் மிகச் சில.

மார்கழியை ஒட்டிய முழுநிலா நாளில் தொடங்கி வைகாசியில் வரும் வெசாக் வரையில் யாத்திரைக் காலம் நீடிக்கும். தொடக்கத்தில், மழைக்காலமெல்லாம் பெல்மதுளை விகாரையில் வைக்கப்பட்டிருந்த சமன் தெய்வத்தின் திருவுருவம் ஊர்வலமாக மலைக்குச் செல்லும். தை, மாசி மாதங்களில் மழை குறையும். இறப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும், பால் குறைவதும் அக்காலத்திலேயே. ஆதலின், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டத்தார்க்கு அப்பருவம் பயணத்துக்கு இசைந்ததாயிற்று. அரிசி, பருப்பு, தேங்காய், சட்டி, போர்வை ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு, பல குடும்பங்கள் ஒரு குழுவாகப் புறப்படும். முன்பு ஏறிய முதியவர் ஒருவர் வழிகாட்டியாவார். முதன்முறை ஏறுவோர் அவர் சொற்கேட்டு நடப்பர். குளிர்ந்த ஓடையில் நீராடியபின் ஏற்றம். ‘அரோகரா’ என்ற தமிழ் ஒலியும் ‘கருணாவை’ என்ற சிங்கள வாழ்த்தும் இருளில் ஒன்றையொன்று கடந்துசெல்லும். உச்சியை அடைந்தவர், எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணியடிப்பது மரபு.

கதிரவன் எழும்பும்போது மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே விழும். சப்பிரகமுவத்துத் தோட்டத் தொழிலாளி அங்கு நின்று பார்த்தால், நிழல் படியும் பள்ளத்தாக்குகளிலேயே தாம் உழைக்கும் பூமி கிடப்பதைக் காண்பார். நாள்தோறும் கணக்கப்பிள்ளையின் பார்வையில் நடமாடிய குடும்பம், அன்று தோட்டத்தை மேலிருந்து நோக்கியது. தகப்பனும் பிள்ளையும் ஓர் இரவு முழுவதும் கைகோத்து நடந்ததும், தாய் வழியோரத்தில் அடுப்பு மூட்டியதும், பேருக்காக அல்லாமல் தமக்காக நடந்தவை.

அயற் கிராமங்களோடும் திருநாட்கள் உறவை வளர்த்தன. சித்திரைப் புத்தாண்டு தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொதுவானது. அன்று லயத்திலிருந்து பலகாரம் கிராமத்துக்குச் செல்லும்; கிராமத்திலிருந்து கொக்கிசும் வாழைப்பழமும் வரும். வெசாக் இரவில் தோட்டத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு தோரணங்களைக் காணப் பட்டணம் சென்றனர், தானசாலையில் உண்டனர். 1966ஆம் ஆண்டு முதல் 1971 வரையில் நாட்டின் வாரவிடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயா நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. பின்னர் ஞாயிறு மீண்டது. முழுநிலாப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது.

குடும்பம் கூடுவதைப் பற்றிய இவ்வரலாற்றில் குடும்பம் சிதறியதையும் கூறாதிருத்தல் இயலாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். எண்களாகப் பிரித்தபோது இல்லங்களும் பிரிந்தன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். முன்பு திருநாளுக்குச் சென்று மீண்ட அதே வழியில் இப்பொழுது மீளாப் பயணம் நிகழ்ந்தது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. லயங்களை இழந்தோர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் புதுவாழ்வு தேடினர். 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமையை எளிதாக்கியது.

இரத்தினபுரிக்கு ஓடிய சிறு புகைவண்டி 1970களில் நின்றுவிட்டது. பயணம் நிற்கவில்லை. தோட்டத்து இளைஞரும் பெண்களும் இன்று கொழும்பின் கடைகளிலும் இல்லங்களிலும் வேலை செய்கின்றனர். தீபாவளிக்கு முன்னிரவு அவிசாவளை வழியாக வரும் பேருந்துகள் அவர்களால் நிரம்புகின்றன. முன்பு பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே சென்றனர். இப்பொழுது வெளியே வாழும் பிள்ளைகள் பெற்றோரைக் காண லயத்துக்கு வருகின்றனர். திசை மாறியது, தேவை மாறவில்லை. தண்டனைக்கு அஞ்சி அயல் தோட்டம் செல்லாதிருந்தவர், துண்டை ஒழிக்கக் குரல் கொடுத்தவர், வாராந்த ஓய்வுக்காகச் சங்கத்தில் சேர்ந்தவர் ஆகியோரின் பங்கு அந்த ஓரிரண்டு நாட்களிலும் உண்டு. கணக்கேட்டில் பேர் விழாத அந்நாட்களில்தான் அக்குடும்பங்கள் தம் பெயர்களைத் தாமே சொல்லி அழைத்துக்கொண்டன.