ஜார்ஜெட் ஹேயரின் காதல் புதினங்களும் மீட்டுருவாக்கப்பட்ட மொழிநடையும்

காதல் புதினம் என்னும் இலக்கிய வகை மொழியியலாரின் கவனத்தை அதிகம் பெற்றதில்லை. கதைப்போக்கும் முடிவும் வாசகருக்கு முன்னரே தெரிந்தவை ஆதலின், இவ்வகைப் புதினங்களின் மொழியிலும் ஆராய்வதற்கு ஏதுமில்லை என்னும் கருத்து நிலவுகிறது. இக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974) தக்க சான்றாவார். அவருடைய புகழ் காதற்கதைகளால் அமைந்தது. அக்கதைகளுக்கு உயிர் தந்ததோ, வழக்கிறந்த ஒரு மொழிநடையை அவர் மீட்டுருவாக்கிய முறையாகும். அவருடைய எழுத்து வாழ்க்கையையும் மொழி மூலங்களையும், அவை மொழிபெயர்ப்பாளர் முன் வைக்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்து வாழ்க்கை

ஹேயர் 1902 ஆகஸ்டு 16 இல் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். மகள் எந்த நூலைப் படிப்பதையும் தந்தை தடுத்ததில்லை. குருதி உறையாமை நோயால் நலம் குன்றியிருந்த தம்பி போரிஸை மகிழ்விக்கத் தம் 17 ஆம் வயதில் அவர் ஒரு தொடர்கதையைப் புனைந்தார். தந்தையின் தூண்டுதலால் அது நூல் வடிவம் பெற்று, 1921 இல் 'தி பிளாக் மாத்' என்னும் புதினமாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 19.

1925 இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டில் சுரங்கப் பொறியாளர் ஒருவரை ஹேயர் மணந்தார். கணவரின் பணி காரணமாகத் தான்கனிக்காவிலும் மாசிடோனியாவிலும் சில காலம் வாழ்ந்தார். தம்பியர் இருவரைத் தாங்கும் பொறுப்பும் அவர்மீது விழுந்தது. பின்னர்க் கணவர் சுரங்கத் தொழிலைக் கைவிட்டுச் சட்டம் பயின்ற ஆண்டுகளில், மனைவியின் எழுத்தே குடும்ப வருவாயின் முதன்மையான ஊற்றாயிற்று. எழுத்து அவருக்குத் தொழிலாக இருந்தது என்பதை மறத்தல் கூடாது.

1923 க்கும் 1930 க்கும் இடையில் அவர் தம் சமகால வாழ்வைப் பொருளாகக் கொண்ட நான்கு புதினங்களை எழுதினார். பிற்காலத்தில் இந்நான்கும் மறுபதிப்புப் பெறாதவாறு அவரே தடுத்துவிட்டார். 18 ஆம் நூற்றாண்டைக் களமாகக் கொண்ட 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' (1926) பெருவரவேற்பைப் பெற்றது. 1935 இல் வெளிவந்த 'ரீஜென்சி பக்' அவரைத் தமக்குரிய காலத்தில் நிலைநிறுத்தியது. அரசர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றமையால் அவருடைய மகன் அரசப் பொறுப்பேற்றிருந்த 1811–1820 காலப்பகுதியே ரீஜென்சிக் காலம் எனப்படும். அக்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் புதினம் தனியொரு வகையாக வளர்ந்ததற்கு ஹேயரே முன்னோடி. சொந்தக் காலத்தின் பேச்சில் எழுதியவற்றை விலக்கிய ஆசிரியர், நூறாண்டுக்கு முந்திய பேச்சில் தம் குரலைக் கண்டடைந்தார் எனலாம்.

மொழி மூலங்கள்

ஹேயரின் சொந்த நூலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நோக்கு நூல்கள் இருந்தன. உடை, தொப்பி, விலைவாசி, கடைகள் என வகைபிரித்த குறிப்புகளை அவர் சேர்த்துவந்தார். குறிப்பேடு ஒன்றில் சொற்றொடர்கள் 'உணவும் கலங்களும்', 'அன்புச்சொற்கள்', 'விளிமுறைகள்' ஆகிய தலைப்புகளின்கீழ்த் தொகுக்கப்பட்டிருந்தன. பொருள் அடிப்படையிலும் பயன்பாட்டு அடிப்படையிலும் சொற்களை வகுக்கும் இம்முறை அகராதியியலாரின் முறையை ஒத்தது.

வாட்டர்லூப் போரைப் பொருளாகக் கொண்ட 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' (1937) புதினத்தில் வெலிங்டன் பிரபு கூறுவனவாக வருபவை யாவும் அவர் உண்மையில் பேசியனவோ எழுதியனவோ ஆகும் என ஹேயர் கூறினார். வெலிங்டனின் நடையை உணர்தற்பொருட்டு அவருடைய கடிதம் ஒன்றை விலைக்கும் வாங்கினார். வரலாற்று மாந்தரின் செயலில் மட்டுமன்றி அவர்தம் தொடரமைப்பிலும் உண்மை வேண்டும் என்னும் கொள்கை இதனால் புலப்படும்.

அவருடைய இளைஞர் பேச்சில் மிகுந்து காணப்படுவது குழூஉக்குறியாகும். பணத்தைக் குறிக்கும் 'பிளண்ட்', குடிமயக்கத்தைக் குறிக்கும் 'ஃபாக்ஸ்டு' முதலிய சொற்கள் அக்கால வழக்கில் இருந்தவை. பிரான்சிஸ் குரோஸ் 1785 இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியும் 1811 இல் வந்த அதன் விரிவாக்கமும் இத்தகைய சொற்களைத் தொகுத்தளித்துள்ளன. குத்துச்சண்டை வீரர், வண்டியோட்டிகள், கள்வர் ஆகியோரின் சொற்களை உயர்குடி இளைஞர் விரும்பிக் கையாண்டமை அக்காலச் சமூக மொழியியலின் சுவையான செய்தியாகும்.

ஆஸ்டினும் ஹேயரும்

ஹேயர் பெரிதும் போற்றிய முன்னோடி ஜேன் ஆஸ்டின் (1775–1817). இருவர் புதினங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தையும் ஒத்த சமூகத்தையும் காட்டுகின்றன. எனினும் மொழிநடையில் பெரிய வேறுபாடு உண்டு. ஆஸ்டினிடம் ஆடை அணிகலன், வண்டி வகை ஆகியவற்றின் பெயர்கள் குறைவு. குழூஉக்குறி மிகக் குறைவு. 'நார்தாங்கர் அபே'யில் ஜான் தார்ப்பின் முரட்டுப் பேச்சு அவனுடைய பண்பின்மையைச் சுட்டுகிறது. ஹேயரிடம் அதே வகைப் பேச்சு இளமையின் துடிப்பைச் சுட்டுவதாக மாறுகிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் வெளிப்படை. ஒரு காலத்தில் வாழ்பவர் அக்காலத்தின் பொருள்களைப் பெயர் சுட்டி நிறுவ வேண்டியதில்லை. அவற்றை வாசகரும் அறிவர். பின்வந்தவர்க்கோ ஒவ்வொரு பெயரும் காலத்தை நிறுவும் சான்று. ஆகவே ஹேயரின் பக்கங்களில் காணப்படும் செறிவு ரீஜென்சிக் காலப் பேச்சின் இயல்பன்று, மீட்டுருவாக்கத்தின் இயல்பாகும். சொற்கள் ஒவ்வொன்றும் மெய்யானவை. அவற்றின் நெருக்கமோ ஆசிரியருடையது.

ஒரு தொடரால் எழுந்த வழக்கு

இவ்வுண்மை ஹேயரின் வாழ்நாளிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. 1950 இலும் பின்னர் 1961 இலும், வேறு எழுத்தாளர்களின் புதினங்களில் தம் கதைக்கூறுகளும் பெயர்களும் எடுத்தாளப்பட்டுள்ளன என்பதை வாசகர் கடிதங்கள் வாயிலாக அவர் அறிந்தார். இரண்டாம் நிகழ்வில் அவர் திரட்டிய பட்டியல் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. 'தன்னைக் கேக் ஆக்கிக்கொள்ளுதல்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க, 'தன்னை நகைப்புக்கு இடமாக்கிக்கொள்ளுதல்' எனப் பொருள்படும் மரபுத்தொடர் அதில் இடம்பெற்றது. தனிச்சுற்றுக்கென அச்சிடப்பட்ட, பொதுமக்களுக்குக் கிட்டாத நினைவுக்குறிப்பு நூலிலிருந்து தாம் அதனை எடுத்ததாக ஹேயர் வாதிட்டார். வரலாற்று நிகழ்ச்சி என எடுத்தாளப்பட்ட மற்றொரு செய்தி, அவரே முன்னொரு புதினத்தில் புனைந்ததாகும்.

இவ்விரு சான்றுகளும் ஒரே வலிமையுடையன அல்ல. 'கேக்' என்னும் சொல் அறிவிலியைக் குறித்தமையைக் குரோஸின் அகராதியே பதிவு செய்துள்ளது. எனவே அச்சொல்வழக்கு எவர்க்கும் தனியுடைமை ஆகாது. மாறாக, புனைந்த செய்தி வரலாறாகக் கொள்ளப்பட்டமை மறுக்கவியலாத சான்று. ஹேயரின் புதினங்களே பிறர்க்கு ரீஜென்சிக் காலத்தின் மூலநூல்களாகிவிட்டன என்பதை அது மெய்ப்பிக்கிறது. மீட்டுருவாக்கம் வெற்றிபெற்றதால், ஆக்கியோன் பெயர் அதிலிருந்து மறைந்தது. தம் உழைப்பால் குடும்பத்தைத் தாங்கிய ஒருவர்க்கு இஃது இழப்பு. மொழி வரலாற்றாசிரியர்க்கு எச்சரிக்கை. இத்தகைய புதினங்களைக் காலமொழிக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

இந்நடையைத் தமிழில் பெயர்ப்போர் முதலில் எதிர்கொள்வது குழூஉக்குறியாகும். ஏறத்தாழச் சமகாலத் தமிழ்ப் பேச்சுவழக்கை நாடுவோர்க்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) வளமான மூலம். ஆயினும் அச்சொற்களைக் கையாண்டால் இலண்டன் இளைஞர் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்துவிடுவர். இக்காலக் கல்லூரிப் பேச்சைக் கையாண்டால் காலம் சிதையும். இங்கு நன்னூல் மரபு வழிகாட்டுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவற்றின் பயன் பொருளை உணர்த்துவதில் மட்டும் அடங்காது. குழுவினரை அடையாளப்படுத்தி, ஏனையோரை விலக்குவதும் ஆகும். பெயர்க்க வேண்டியது இப்பயனே. குழுவுக்குள் வழங்கும் சில சொற்களைத் தேர்ந்து, புதினம் முழுவதும் மாறாமல் கையாளுதல் தக்க முறை.

இரண்டாவது, விளிமுறை. மணமாகாத மகளிருள் மூத்தவர் 'மிஸ்' என்பதுடன் குடும்பப்பெயராலும், இளையவர் இயற்பெயரும் சேர்த்தும் சுட்டப்படுவர். தலைமக்கள் பட்டப்பெயரிலிருந்து இயற்பெயருக்கு மாறும் இடமே காதல் வெளிப்படும் இடமாகப் பல வேளைகளில் அமையும். முன்னிலையில் ஒரே சொல்லையுடைய ஆங்கிலம் பெயரால் காட்டும் இந்நெருக்கத்தை, தமிழ் 'தாங்கள்', 'நீங்கள்', 'நீ' என்னும் இடப்பெயர்களால் காட்டவல்லது. ஆனால் தமிழில் 'நீ' ஒருதலையாக வழங்கின் ஆடவரின் மேலாண்மையைக் குறிக்கும். ஹேயரின் தலைவியர் சொல்லாட்டில் தலைவர்க்கு நிகரானவர். இடப்பெயர்த் தெரிவில் சிறிது தவறினும் அந்நிகர்மை அழியும்.

மூன்றாவது, விலக்கவியலாத ஒரு குறை. 'தி கிராண்ட் சோஃபி' (1950) புதினத்தில் வரும் யூத வட்டிக்கடைக்காரர், இனப்பகை சார்ந்த வார்ப்புருவாகவே படைக்கப்பட்டுள்ளார். பழைய மொழியை மீட்டவர் பழைய காழ்ப்பையும் உடன் மீட்டார். இதனை மொழிபெயர்ப்பாளர் மழுப்புதலும் மிகுத்தலும் தகா. முன்னுரையில் சுட்டுதலே நேர்மையாகும்.

முடிவுரை

ஹேயர் இறுதிவரை எழுத விரும்பியது இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய பெருநூல். அதற்காகப் பழைய ஆங்கிலத்தைப் படிக்கவும் பயின்றார். வரிச்சுமையும் வாசகர் விருப்பமும் அவரை மீண்டும் மீண்டும் காதல் புதினத்துக்கே திருப்பின. 'மை லார்ட் ஜான்' முற்றுப்பெறாமல், அவர் மறைந்தபின் 1975 இல் வெளிவந்தது. தாம் பெரிதாக மதித்த பணி குறையாக நிற்க, வருவாய்க்காக எழுதிய புதினங்களில் அவர் அமைத்த மொழிநடை ஒரு காலத்தின் குரலாகவே பலரால் கொள்ளப்பட்டது. அந்நடையைப் பெயர்ப்பவர், தாம் பெயர்ப்பது 1811 இன் ஆங்கிலத்தை அன்று, இருபதாம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர் ஒருவரின் ஆக்கத்தையே என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.