வாக்குப் பெட்டியும் வாக்குப் பொத்தானும்

புதிய இயந்திரம் ஒன்று உருவாகும்போது, அது எத்தனை வேலைகளை எவ்வளவு விரைவில் செய்கிறது என்பதே அதனைச் செய்தவருக்குப் பெருமை. அதனைக் கையாளப் போகிறவருடைய கேள்வி வேறு. 'நாம் கருதியதைத்தான் இது செய்ததா?' என்பதே அக்கேள்வி. இதற்கு நம் நாடு எவ்வாறு விடை தேடிற்று என்பதை, நாம் வாக்களிக்கும் முறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தாய்மொழி எழுத்து வழங்காத ஊர்களில் குடியேறி வாழும் நம்மைப் போன்றோர்க்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு.

முதற் பொதுத் தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் நிறைவெய்தியது. வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். அவ்வாண்டின் மக்கட் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் 18 பேரே. சுகுமார் சென் தலைமையில் இயங்கிய தேர்தல் கமிஷன், மக்கள் எழுத்தறியும் வரை தேர்தல் காத்திருக்கட்டும் என்று எண்ணவில்லை. எழுத்தறியாதவரும் ஐயமின்றி வாக்களிக்கும் வழியையே நாடியது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின்மீது அவருடைய சின்னம் ஒட்டப்பட்டது. நுகம் பூட்டிய இரட்டைக் காளை, கதிர் அரிவாள், மரம், குடிசை, விளக்கு ஆகியவை குடியானவன் நாள்தோறும் கண்டு பழகியவை. அவன் திரைக்குப் பின்னே சென்று, தன் மனத்துக்குகந்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டை இட்டால் போதும். படிக்கவும் வேண்டியதில்லை, எழுதவும் வேண்டியதில்லை.

எளிமையான இம்முறையிலும் குறைகள் இருந்தன. நாடெங்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் தேவைப்பட்டன. அன்றியும், திரைக்குப் பின்னே சென்றவர் சீட்டைப் பெட்டியில் இடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளிவரவும், அதனைப் பிறருக்கு விற்கவும் இடமிருந்தது. ஆகவே 1960, 1961ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் ஒரிஸாவிலும் நடைபெற்ற இடைக்காலத் தேர்தல்களிலும், பின்னர் 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் புதுமுறை வந்தது. எல்லாப் பெயர்களும் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டன. வாக்காளர் விரும்பிய சின்னத்தின்மேல் ரப்பர் முத்திரை குத்தினார். பின்னாளில் பழகிய சுழல் அம்பு வடிவ முத்திரையில் ஒரு நுட்பம் உண்டு. சீட்டை மடிக்கும்போது ஈரமசி மறுபக்கத்தில் படிந்தால், படிந்த உரு திசைமாறித் தோன்றும். எது மூலம், எது நிழல் என்பதை எண்ணுவோர் எளிதில் அறியலாம். எனினும் முத்திரை இரு கட்டங்களுக்கு நடுவே விழுந்து, எண்ணிறந்த வாக்குகள் செல்லாதவை ஆயின. வரிசையில் காத்து நின்ற ஒருவருடைய குரல், கை சற்றே நடுங்கியதால் கேட்கப்படாது போவது சிறிய இழப்பன்று.

இந்நிலையில்தான் மின்னணு இயந்திரம் என்னும் எண்ணம் 1977இல் எழுந்தது. ஹைதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும், பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் அதனை உருவாக்கின. பின்னதில் அப்பணியில் முக்கியப் பங்கு கொண்ட பொறியாளர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்கள் சுஜாதா என்று அறிந்த எழுத்தாளரே. பின்னர் நாம் கண்டு பழகிய புறவடிவத்தை அமைத்தவர்கள், பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் ஏ. ஜி. ராவ், ரவி பூவையா ஆகிய இருவர்.

அவ்வடிவத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உள்ளே எல்லாம் புதுமை. வெளியே பெரும்பாலும் பழமை. பெயரும் சின்னமும் பழைய வரிசையிலேயே காகிதத்தில் அச்சாகி இயந்திரத்தின்மேல் பொருத்தப்படுகின்றன. முத்திரை குத்திய இடத்தில் இப்போது நீலப் பொத்தான். விரல் அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி கேட்கிறது. அதிகாரி தம்மிடமுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒருமுறை அழுத்தினால், ஒரு வாக்கு மட்டுமே திறக்கும். மின்சாரமில்லாச் சிற்றூருக்கும் பயன்படுமாறு அது பாட்டரியில் இயங்குகிறது. நிமிடத்துக்கு 5 வாக்குகளுக்கு மேல் பதியாதவாறு வைத்த தடையால், சாவடியைக் கைப்பற்றும் கும்பலின் வேகமும் அடங்கியது. பார்வையற்றோர்க்கெனப் பின்னர் பிரெய்ல் எண்களும் சேர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், பக்கம் பக்கமாகச் செயல்முறை விளக்கங்களைத் தமிழாக்கியவர்கள். விளக்கம் மிகுதியாக வேண்டாத கருவியே நல்ல கருவி என்பது அவ்வேலையில் நாம் கற்ற பாடம்.

ஆனால் கைக்கு எளிதாயிருப்பது மட்டும் போதுமா? 1982 மே மாதம் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி ஆகியவற்றில் 16 தொகுதிகளிலும், 2001இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சட்டசபைத் தேர்தல்களிலும், 2004இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும் இயந்திரம் பரவியது.

பரவிய பின்னரும் ஐயம் தீரவில்லை. பெட்டியில் சீட்டு விழுவதைக் குடியானவன் கண்ணால் கண்டான். பொத்தானை அழுத்தியவர்க்கு விளக்கும் ஒலியும் மட்டுமே சாட்சி. கையின் வசதியைக் கருதியவர்கள் கண்ணின் உறுதியை மறந்துவிட்டனர் எனலாம். அதனை மீட்டுத் தரவே, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் காகிதச் சான்றுக் கருவி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. தாம் வாக்களித்த பெயரும் சின்னமும் தாங்கிய சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து, பின்னர் பெட்டிக்குள் விழுகிறது. 60 ஆண்டுகளுக்கு முன் கண்ட காட்சி, வேறு வேடத்தில் திரும்பி வந்தது.

வேற்று மாநிலத்தில் வாக்குரிமை பெற்ற தமிழர், அவ்வூர் எழுத்தை அறியாவிடினும் சின்னத்தை அறிவார். 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் அருகில் உண்டு. 1951இல் எழுத்தறியாதவருக்காகக் கண்ட வழி, பிறமொழி எழுத்தறியாத நமக்கும் துணையாயிற்று.

சொந்த ஊரில் பெயர் பதிந்து வேற்றூரில் உழைப்பவருக்கும் ஒரு வழி தேடப்பட்டது. ஒரே இடத்திலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்குப் பதியவல்ல மாதிரி இயந்திரம் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதில் அச்சிட்ட காகிதத்துக்குப் பதிலாக, தொகுதிக்கேற்ப மாறும் திரை அமைந்திருந்தது. 2023 ஜனவரியில் கூடிய கூட்டத்தில் பல கட்சிகள் ஐயம் எழுப்பின; முயற்சி அவ்வளவில் நின்றது. ரயிலேறி ஊர் செல்ல விடுப்பும் பணமும் இல்லாதோர் நம்மிடையே பலர் உளர். ஆகவே அம்முயற்சி மீண்டும் எழவேண்டும் என்று நாம் விரும்புவது இயல்பு. எழும்போது, கடந்த வரலாறு கற்பித்த பாடத்தையும் உடன்கொள்ள வேண்டும். வாக்காளர் விரலுக்கு எளிமை வேண்டும். கண்ணுக்குச் சான்று வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே, புதிய இயந்திரத்தை மக்கள் தமது என்று கொள்வர்.