சாவுக் கணக்கு பாடமான வரலாறு

1603 முதல் லண்டன் நகரில் வாரந்தோறும் மரணப் பட்டியல் தொடர்ந்து வெளிவந்தது. இறந்தவரின் உடலைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல, ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் மூதாட்டிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் சொன்னதைப் பங்கு எழுத்தர்கள் தொகுத்தனர். பிளேக் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான் பலரும் பட்டியலை வாங்கினர். ஏறினால் வசதியுள்ளவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினர்.

பல்லாண்டுப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தவர் துணிமணி வணிகரான ஜான் கிராண்ட். அவரது நூல் 1662இல் வெளிவந்தது. பட்டியலில் இறந்தவரின் வயது இல்லை. எனவே, குழந்தைகளைத் தாக்கும் நோய்களால் இறந்தவர்களைக் கூட்டி, நூற்றுக்கு ஏறத்தாழ 36 குழந்தைகள் ஆறு வயதுக்குள் இறப்பதாக அவர் மதிப்பிட்டார். தனித்தனி எண்களாகக் கிடந்த சாவுக் கணக்கு இப்படித்தான் விகிதமாயிற்று.

வரைபடம் வணிகத்தின் வழியே வந்தது. வில்லியம் பிளேஃபேர் 1786இல் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837இல் பிறப்பு, இறப்புப் பதிவை அரசே ஏற்றது. 1839இல் பதிவு அலுவலகத்தில் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஃபார், இறப்புகளை மக்கள்தொகையால் வகுத்து ஊருக்கு ஊர் ஒப்பிடும் முறையை அங்கே நிலைநிறுத்தினார்.

வகுத்துப் பார்ப்பதன் பயனை 1854ஆம் ஆண்டு காலரா காட்டியது. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில்கூடக் குடிநீர் வழங்கின. சதர்க்–வாக்ஸால் நிறுவனம், கழிவுநீர் கலந்த தேம்ஸ் நீரை நகருக்குள்ளேயே எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களின் கணக்கை மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்தார். சதர்க் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 சாவு. லண்டனின் எஞ்சிய 2,56,423 வீடுகளில் 1,422 சாவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கடைசி வரிசைதான் பெரிது. பத்தாயிரம் வீட்டுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் முறையே 315, 37, 55 என வருகிறது. குற்றவாளி எந்த நீர் என்பது அப்போதுதான் தெரிகிறது.

கிரிமியப் போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினரின் கணக்கை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வட்ட வடிவ வரைபடமாக்கினார். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், போர்க் காயங்களுக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கறுப்பு என நிறம் கொடுத்தார். 1855 ஜனவரியில் 32,393 பேர் கொண்ட படையில் அத்தகைய நோய்களால் மட்டும் 2,761 பேர் இறந்தனர். காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். அந்த மாதத்தின் நோய்ச்சாவு 8.5 சதவீதம். ஆனால் அவர் வரைந்தது ஆண்டு விகிதத்தை: மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆயிரத்துக்கு 1,023 ஆகிறது. விகிதம் ஆயிரத்தைத் தாண்டுவதால் படை முழுவதும் அழிந்துவிட்டது என்று பொருளல்ல. அதே வேகம் ஓராண்டு நீடித்து, இழப்பை ஈடுகட்டப் புதிய ஆட்களும் வந்துகொண்டிருந்தால் ஏற்படும் சாவின் அளவே அது. எந்தக் காலத்துக்கான விகிதம் என்று கேளாமல் வரைபடத்தைப் படிக்க முடியாது.

இந்தப் படிப்பு கல்விக்கூடத்துக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த 1891இல் நைட்டிங்கேல் முயன்றார், அது கைகூடவில்லை. 1911இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சன் தலைமையில் புள்ளியியல் துறை அமைந்தது. 1937இல் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், ‘லான்செட்’ இதழில் மருத்துவர்களுக்காக எளிய தொடர் எழுதினார். அது அதே ஆண்டு நூலாகவும் வந்தது. சராசரி, சதவீதம், வரைபடம் ஆகியவற்றோடு அவற்றைப் படிப்பதில் நேரும் பிழைகளையும் அந்நூல் கற்பித்தது.

ஸ்நோவின் அட்டவணை இன்றும் நோய்ப்பரவலியல் வகுப்புகளில் பயிற்சிக் கணக்காகத் தரப்படுகிறது. எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில், எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவரே சுகாதாரப் புள்ளிவிவரத்தைப் படிக்கத் தெரிந்தவர்.